மாஷ் மாற்றிய முடிவு

மாஷ் எழுத உட்கார்ந்தால் முதல் வேலையாகத் தாளை நெடுக்காக இரண்டாக மடிப்பார். மடிப்பை நகத்தால் ஒருமுறை அழுத்தி நீவிவிட்டு மறுபடி விரித்து வைப்பார். நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கும். இடது பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலது பக்கம் காதுக்குக் கேட்பது. ஒரு பெண் கதவைத் திறக்கிறாள் என்றால் அது இடது பக்கம். "யாரது?" என்று அவள் கேட்டால் அது வலது பக்கம். கோடம்பாக்கத்தில் திரைக்கதை எழுதியவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்பார். நாவல் எழுதும்போதுகூட அவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. மான்ட்ரியாலின் மேற்குக் கோடியில், பியர்ஃபான்ட்ஸில், அவர் மகளின் வீட்டுச் சமையலறை மேசையில் மடித்து விரித்த தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்குவார். நான் எழுதுவேன். அவருடைய கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

மாஷ் என்றால் மலையாளத்தில் வாத்தியார். வயநாட்டு மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சில காலம் பாடம் நடத்தியவர், நாவல்கள் எழுதிப் பேர் வாங்கி, பிறகு சினிமாவுக்கு எழுதச் சென்னைக்கு வந்து, குடும்பத்தோடு அங்கேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். அந்தக் காலத்தில் மலையாளப் படங்கள் பெரும்பாலும் சென்னையில்தான் உருவாயின. அதனால் அவர் என்னிடம் பேசியது கோடம்பாக்கத்துத் தமிழ்; நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். நான் களியக்காவிளைக்காரி. எங்கள் ஊரில் கடைத்தெருவின் ஒரு முனை தமிழ், மறு முனை மலையாளம். இரண்டும் எழுதப் படிக்கத் தெரியும். இப்படி ஒருத்தி இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு மாஷின் மகள் என்னைத் தேடி வந்தாள். என்னைவிட மூத்தவள், அதனால் எனக்கு அவள் சேச்சி. பெரிய மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருந்தாள். நான் காலையில் ஒரு கார்டெரியில், அதாவது காப்பகத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டிருந்தேன். பிற்பகல்களில் வீட்டில் சும்மாதான் கிடந்தேன். பிரெஞ்சில் அழுகிற பிள்ளைகளிடமிருந்து தப்பித்து மலையாளத்தில் முறைக்கிற கிழவரிடம் மாட்டிக்கொண்டாய் என்று என் கணவர் கிண்டல் செய்தார். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை.

மாஷ் முறைத்தது உண்மைதான். முதல் நாளே முறைத்தார். அதற்குக் காரணம் என் வாய். அவர் எழுதிய படத்தைச் சின்ன வயதில் எங்கள் ஊர்க் கொட்டகையில் பார்த்திருக்கிறேன், அந்தக் கடைசி பஸ் காட்சியில் நானும் என் அம்மாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம் என்று பூரிப்போடு சொன்னேன். ஓர் எழுத்தாளரைச் சந்திக்கும்போது எல்லோரும் சொல்வதைத்தானே நானும் சொன்னேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. "நாவலைப் படிச்சிருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து உள்ளே போய், முதுகு கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "இதைப் படிச்சிட்டு வா. அப்புறம் எழுதலாம்" என்றார். அன்றைக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

படித்தேன். கதை இரண்டிலும் ஒன்றுதான். மலை உச்சியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அற்பக் காரணத்துக்குச் சண்டை போட்டு அவர் மனைவி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். இவர் வீம்பு பிடித்தவர். போய்க் கூப்பிடமாட்டார். ஆனால் தினமும் மாலையில் கடைசி பஸ் வரும் நேரத்துக்கு, ஏதோ வேலையாக வந்தவர் மாதிரி, வளைவில் வந்து நின்றுவிடுவார். நாவலின் கடைசிப் பக்கத்தில், மூடுபனிக்குள் பஸ்ஸின் விளக்குகள் தெரிகின்றன. பஸ் நிற்கிறது. கண்டக்டர் மேலே ஏறித் தகரப் பெட்டியை மட்டும் இறக்கிக் கொடுக்கிறார். அவள் காய்ச்சலில் இறந்து சில நாட்களாகிவிட்டன. படத்தில் அதே பனி, அதே விளக்குகள், அதே பஸ். ஆனால் பெட்டியோடு அவளும் இறங்குகிறாள். படம் ஓடு ஓடென்று ஓடியது.

தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக, சென்னையில் ஒரு லாட்ஜ் அறையில், பிற்பகல் காப்பி வருவதற்குள் அந்த முடிவை மாற்றி எழுதிக் கொடுத்ததாக மாஷ் சொன்னார். அவள் செத்தால் ஜனங்கள் நாற்காலியைக் கிழித்துவிடுவார்கள் என்றாராம் தயாரிப்பாளர். மாஷுக்கு அதற்குப் பிறகு நாவல்களும் படங்களும் நிறைய வந்தன, மேடைகளும் மாலைகளும் வந்தன. ஆனால் எங்கே போனாலும் ஜனங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசியது அந்த பஸ்ஸைப் பற்றித்தான். மான்ட்ரியாலிலும் விடவில்லை. இங்குள்ள மலையாளிகள் ஓணச் சாப்பாட்டுக்கு அழைத்து, மேடையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஆள் மைக்கைப் பிடித்து பஸ் காட்சியை விவரித்தார்கள். மாஷ் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார். காரில் திரும்பும்போது, "என் கதையிலே நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதுக்குத்தான் எல்லாரும் கை தட்டுறான்" என்றார்.

மாஷின் மனைவிக்கு அந்தப் பொய் பிடிக்கும். அதையும் சொல்லவேண்டும். வாய்விட்டுச் சிரிக்கும் பெண்மணி. நான் போகும்போதெல்லாம் எனக்கு முன்னால் ஏதாவது ஒரு தட்டை வைத்துவிடுவார்; வேண்டாம் என்றால் காதில் விழாது. அவரும் ஒருமுறை கணவரோடு கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவர்தானாம், நாவலின் விதை அங்கேதான் விழுந்ததாம். "நான் நாலே நாள்ல திரும்பி வந்துட்டேன். இவரு அதுக்குள்ள என்னைக் கொன்னு புத்தகமாவே போட்டுட்டாரு. நல்லவேளை, அந்தத் தயாரிப்பாளர் காப்பாத்தினாரு" என்பார். மாஷ் மீசைக்கடியில் சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரியும்.

அவர்கள் மான்ட்ரியாலுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அந்த அம்மா போய்விட்டார். நிமோனியா. மாஷ் மருத்துவமனைக் கட்டிலின் பக்கத்தை விட்டு அசையவில்லை. தகனம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாளே என்னை வரச் சொல்லித் தாளை மடித்தார். கடைசியாக ஒரு நாவல் சொல்லவேண்டும் என்றார். மனைவி இறந்த ஒருவன் பிறகு எப்படிச் சாப்பிடுகிறான், எப்படிக் குளிக்கிறான், எப்படி இன்னொரு நாள் விடிய அனுமதிக்கிறான் என்பதை எதையும் மறைக்காமல் எழுதவேண்டும். முதல் அத்தியாயங்கள் நெருப்பு. எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் கலங்கி மை கரைந்ததுண்டு. அவர் கண்ணைத் திறந்து பார்த்து, "நீ அழாதே, எழுத்து கோணலாவுது" என்பார்.

பிறகு மெல்ல மெல்ல ஏதோ கழன்றது. ஒரே பத்தியை மறுபடியும் சொன்னார். அதை நான் சொன்னபோது எரிந்து விழுந்தார். ஒரு நாள் இடது பக்கம் மட்டுமே சொன்னார்: ஜன்னல், பனி, எதிரே பஸ் நிறுத்தம், யாருமில்லை. வலது பக்கம் என்ன எழுத என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "யாரும் பேசலையே" என்றார். இன்னொரு நாள் சேச்சி வேலையிலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றியபடியே, "சாப்பிட்டீங்களா அச்சா?" என்று அப்பாவைக் கேட்டாள். மாஷ் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "இல்ல, இல்ல. நீ முதல்ல ஜன்னலைப் பாக்கணும். அப்புறம்தான் அந்த டயலாக். திரும்பப் போய் வா" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சேச்சி வெளியே போய்க் கதவைத் திறந்து மறுபடி வந்து, ஜன்னலைப் பார்த்து, அதே கேள்வியைக் கேட்டாள். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அவர் வேடிக்கை செய்யவில்லை என்பது எங்களுக்குப் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது. தன்னைச் சுற்றி நடப்பது நடக்கிறதா, தான் எழுதியதா என்கிற எல்லைக்கோடு அவருக்கு அழிந்துகொண்டு வந்தது.

மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன அன்று மாஷ் தெளிவாக இருந்தார். அதுதான் கொடுமை. எல்லாம் விளங்கும் நாள் ஒன்று வாய்த்து, அந்த நாளில்தான் அவருக்கு அது சொல்லப்பட்டது. சமையலறை மேசைக்கு என்னையும் சேச்சியையும் கூப்பிட்டார். நான் வழக்கம்போல் தாளை எடுத்தேன். வேண்டாம் என்று கை காட்டினார். "நான் எல்லாத்தையும் மறந்துடுவேன்னு சொல்றாங்க. அவ செத்ததையும் மறந்துடுவேன். மறந்துட்டு, அவ எங்கன்னு கேப்பேன். அப்படிக் கேட்டா, எனக்கு யாரும் படத்து முடிவைச் சொல்லக் கூடாது" என்றார். சேச்சி, "அச்சா, இப்ப எதுக்கு இதெல்லாம்" என்று மழுப்பப் பார்த்தாள். அவர் விடவில்லை. "நாவல்ல உள்ளதைச் சொல்லணும். எத்தனை தடவை கேட்டாலும். சத்தியம் பண்ணு." அவள் அவருடைய உள்ளங்கையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். என்னைச் சாட்சியாகப் பார்த்தார். எழுத்தாளர்களிடம் ஒரு திமிர் உண்டு. காகிதத்தில் தைரியமாகத் தாங்கியதை உடம்பாலும் தாங்கிவிடலாம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தத் திமிருக்கான விலையை மகள் தலையில் கட்டுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதற்காக எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

அவர் பயந்தபடியே நடந்தது. ஒரு பிற்பகல், தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்துவிட்டு, "அம்மா எங்க, காணோமே?" என்று மகளிடம் கேட்டார். சேச்சி என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை அவருக்கருகில் இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அம்மா இறந்துட்டாங்க அச்சா" என்றாள். நோயாளிகளின் உறவினர்களிடம் எத்தனையோ தடவை இதைச் சொல்லிப் பழகியவள். குரல் நிதானமாகத்தான் இருந்தது. மாஷின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு அழுதார். துக்கத்தில் பழகிப்போனவர் அழுவதுபோல் அல்ல. இப்போதுதான் செய்தி வந்து, இப்போதுதான் இடி விழுந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுகிற அழுகை. "எப்போ? நான் எங்க இருந்தேன்? என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?" என்று கேட்டார். "நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க அச்சா. அவங்க கையைப் பிடிச்சிட்டு இருந்தீங்க" என்றாள். "நானா?" என்றார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சற்று நேரம் கழித்து அழுகை அடங்கியது. வெளியே இருட்டத் தொடங்கும்போது, விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, "அம்மா எங்க?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அது அன்றாட வேலையாகிவிட்டது. சில நாட்கள் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவை. சேச்சிக்கு அப்படி இல்லை. அவளுக்கு அது கூடிக்கொண்டே போயிற்று. ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "ஆஸ்பத்திரியில நாள் முழுக்க மனுஷங்களைப் பிழைக்க வைக்கப் பாடுபடுறேன். வீட்டுக்கு வந்து என் அம்மாவைக் கொல்றேன். தினமும் கொல்றேன்" என்றாள். நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். அப்பா தன்னிடம்தானே சத்தியம் வாங்கினார் என்றாள். அந்தக் குடும்பத்தின் வீம்பு அவளுக்கும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பகல் நேரத்தில் மாஷைப் பார்த்துக்கொள்ள நகரின் லாசால் பகுதியிலிருந்து ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். மன்னார்க்காரர், கழுத்தில் செபமாலை, வாயில் எப்போதும் மாதா. மாஷைக் குளிப்பாட்டித் தலைவாரி விடுவார். அவர் சொல்லும் மலையாளம் முக்கால்வாசி புரியாவிட்டாலும் "ஓம் ஐயா, ஓம்" என்று பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். மாஷ் அழும்போதெல்லாம் அவரும் அழுவார். ஒரு நாள் அவரால் பொறுக்க முடியவில்லை. "தங்கச்சி, உங்களுக்கு ரெண்டு பேருக்கும் நெஞ்சில ஈரமே இல்லையோ? அந்த மனுசன் ஒவ்வொரு நாளும் புதுசாச் செத்தவீடு கொண்டாடுது. வாறா எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன குறைஞ்சு போகப்போகுது? பேந்து அதையும் மறந்திடுவார்தானே" என்று சேச்சியிடம் கேட்டார். சேச்சி சத்தியத்தைப் பற்றிச் சொன்னாள். "சத்தியம் வாங்கின ஆள் இப்ப எங்க இருக்கிறார்? அவர் போயிட்டார். இருக்கிறது குழந்தை. குழந்தையிட்டை ஆரும் இப்பிடிக் கதைப்பினமோ?" என்றார் அக்கா.

சேச்சி பிறகும் சில வாரம் தாக்குப்பிடித்தாள். அது கடுங்குளிர் மாதம். ஒரு மாலை, ஆள் பற்றாக்குறையால் இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டு வந்தாள். பனியை உதறக்கூடத் தெம்பில்லாமல் கோட்டோடு நடையில் நின்றாள். பூட்ஸிலிருந்து தண்ணீர் வழிந்து பாயை நனைத்தது. மாஷ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மோளே, அம்மா எங்க?" என்றார். நான் அடுப்படியில் நின்றேன், அக்கா வீட்டுக்குக் கிளம்பத் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். சேச்சி எங்களைப் பார்க்கவில்லை. "பஸ்ஸுல வந்துட்டிருக்காங்க அச்சா" என்றாள். யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து ஊரார் வாயால் கேட்டுக் கேட்டு அவளுக்குள் ஊறியிருந்த பொய் அது ஒன்றுதான். வாயைத் திறந்ததும் அதுவே வந்துவிட்டது.

மாஷின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அப்படியா" என்றார். எழுந்து நின்றார். இந்தச் சட்டை வேண்டாம், வெள்ளைச் சட்டை கொடு என்றார். தலையைத் தானே வாரிக்கொண்டார். முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் தெருவின் பஸ் நிறுத்தம் நன்றாகத் தெரியும். அன்று இரண்டு தோசை சாப்பிட்டார், மூன்றாவதும் கேட்டார். அக்கா மாதாவுக்கு நன்றி சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். சேச்சி மாடிப்படியில் உட்கார்ந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுதாள். அது நிம்மதி அழுகை என்றுதான் நினைத்தோம். விடிந்தால் இதையும் மறந்துவிடுவார், நாளைக்கு வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

அவர் மறக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் நான் போனபோது வெள்ளைச் சட்டையோடு ஜன்னலில் இருந்தார். "ரெண்டு பஸ் போயிடுச்சு. அடுத்ததுல வருவா" என்றார், என் பெயரை மறந்திருந்தவர். அதற்கடுத்த நாளும் அப்படியே. பேரப்பிள்ளைகள் யாரென்று தெரியவில்லை, சாப்பிட்டோமா என்று தெரியவில்லை, இது எந்த ஊர் என்று தெரியவில்லை. மனைவி பஸ்ஸில் வருகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. மருத்துவரிடம் கேட்டோம். அழவைப்பது அழிந்துபோய், காத்திருக்க வைப்பது தங்கிவிடுவதும் உண்டு, காரணம் சொல்ல முடியாது என்றார். சோற்றை வைத்தால் அவள் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்று தட்டைத் தள்ளிவிடுவார். படுக்கக் கூப்பிட்டால், கதவு திறந்திருக்கட்டும் என்பார். வெளியே உறைந்துபோன தெரு, உள்ளே கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் கிழவர். உடம்பு கரைந்துகொண்டே வந்தது. வெள்ளைச் சட்டையின் தோள்கள் தொங்கின.

ஒருமுறை அக்கா குளியலறைக்குப் போய்வரும் நேரத்துக்குள் வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி நிறுத்தத்துக்குப் போய்விட்டார். எதிரே நடந்துவந்த நான்தான் பார்த்தேன். பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. மாஷ் ஏறவில்லை. கழுத்தை நீட்டி உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஓட்டுநர் "பொன்ஜூர், மிஸ்யே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிப் பொறுமையாகக் காத்திருந்தார். மாஷ் ஒரு அடி பின்னுக்கு வந்து, போகலாம் என்பதுபோல் கையசைத்தார். நான் என் கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டு அழைத்து வந்தேன். வழியெல்லாம் என்னைத் தேற்றிக்கொண்டே வந்தார். மலைப்பாதையில் வளைவு அதிகம், பஸ் தாமதமாகத்தான் வரும் என்றார். அக்கா வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டார். "நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. என்ர மாதாவே, நான் ஏன் வாயைத் திறந்தனான்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிழவர் அழுவதைப் பார்க்கப் பொறுக்காதவர், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சேச்சி முடிவெடுத்தாள். போதும், பழையபடி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அழட்டும், அழுதால் சாப்பிடவாவது செய்வார் என்றாள். அவருடைய கால்களை வெந்நீரில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, அண்ணாந்து பார்த்து, பழைய நிதானத்தோடு, "அச்சா, அம்மா இறந்துட்டாங்க" என்றாள். இத்தனை நாள் எந்த அழுகைக்குப் பயந்தோமோ அந்த அழுகை வரவேண்டும் என்று கும்பிடாத குறைதான். மாஷ் அழவில்லை. மகளின் தலையைத் தடவினார். குழந்தை ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோலச் சிரித்தார். "நாவலிலேதான் அப்படி, மோளே. இப்ப அதை நான் மாத்திட்டேன்" என்றார்.

சேச்சி தண்ணீரில் கைவைத்தபடி அப்படியே இருந்தாள். வாழ்நாள் முழுவதும் எந்த மாற்றத்துக்காகத் தன்னையே மன்னிக்காமல் இருந்தாரோ, அதை அவர் இப்போது தன்னுடையது என்று சொந்தம் கொண்டாடிவிட்டார். தயாரிப்பாளரும் இல்லை, லாட்ஜும் இல்லை. அவர் கேட்டு, அவர் எழுதி, அவர் நம்பிய முடிவு. அதை அழிக்க எங்கள் யாராலும் ஆகவில்லை. அதற்குப் பிறகும் சேச்சி முயன்று பார்த்தாள். இறுதிச் சடங்கின் படங்களைக் காட்டினாள். அவர் அவற்றை நெருங்கிப் பார்த்து, யார் ஒளிப்பதிவு என்று கேட்டார்.

இப்போது அதெல்லாம் பழைய கதை. சேச்சி அந்த வீட்டை விற்றுவிட்டாள். மகன் மகளெல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள், தாத்தாவின் மொழியில் அவர்களுக்கு ஒரு வாக்கியம்கூட வராது. மாஷ் சொல்லி நான் எழுதிய பாதி நாவல் பாதியாகவே நின்றுவிட்டது. ஊரில் ஒரு பதிப்பாளர் யாரையாவது வைத்து முடித்துப் போடலாமா என்று கேட்டாராம், சேச்சி ஃபோனை வைத்துவிட்டாள். எப்போதாவது அவளும் நானும் பேசிக்கொள்வோம். எதைப் பேசினாலும் அங்கேதான் வந்து நிற்போம். "நிஜத்தை எத்தனை தடவை சொன்னேன், ஒரு தடவைகூட அவர்கிட்ட தங்கலை. பொய்யை ஒரே ஒரு தடவை சொன்னேன்" என்பாள். நான் ஏதாவது ஆறுதல் சொல்லப் பார்ப்பேன். ஆறுதல் என்று ஒன்று எனக்கே கிடைக்காதபோது அவளுக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தாலும் அவர் தினம் தினம் செத்திருப்பார், மீறியதால் காத்துக் காத்துச் செத்தார். இரண்டில் எது மேல் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்றும் நான் நம்பவில்லை.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவரை மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தது. மார்ச்சளி, சாப்பாடில்லாத உடம்பு, பெரிதாகச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். சேச்சி தன் நர்ஸ் உடையிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். பகல் வெளிச்சம் நன்றாக இருந்தது. அந்த அறை ஜன்னலிலிருந்து வேறொரு கட்டடத்தின் சுவர்தான் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஏதோ சொல்ல வாயசைத்தார். சேச்சி அவருடைய ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிக் குனிந்து காதைக் கொடுத்தாள். எனக்கும் கேட்டது.

"மோளே, அவ வந்தா, நான் ரொம்ப நேரமா காத்திட்டிருந்தேன்னு சொல்லிடாதே. பாவம், வருத்தப்படுவா. இப்பத்தான் போனேன்னு சொல்லு."

"சொல்றேன் அச்சா" என்றாள் சேச்சி.